கூட்டக் குறிப்பில் ஒரு திருத்தம்

பாலோ செக்கோ, அரிசோனா. மக்கள்தொகை அறுநூற்றுச் சொச்சம்.
அன்றிரவு கூட்டத்துக்கு வந்தவர்கள் இருநூற்றுப் பதினொன்று.
நாற்காலி போதாமல் கூடைப்பந்துக் கம்பத்தடியில் நின்றார்கள்.
பள்ளிக்கூடத்து ஸ்கோர்போர்டை அணைக்க மறந்திருந்தார்கள்:
உள்ளூர் 0, விருந்தினர் 0.

நான் ஊர் அலுவலக எழுத்தர்.
பேசுவதை எழுதுவது என் வேலை.
கத்துவதைக் குறைத்து எழுதுவது என் திறமை.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
முட்டை அவிக்க வைக்கும் கடிகாரம் மேசைமேல்.

கிளீட்டஸ் ஹார்கன் முதலில் எழுந்தான்.
"பத்து வருஷமா என் வேலிய அறுக்கிறாங்க.
போன் போட்டா ஒருத்தனும் வர்றதில்ல.
கேமரா கோபுரம்னு சொல்லி
என் மேய்ச்சல் நிலத்துல நட்டு வச்சாங்க.
என் வரிப்பணம். என் மாடு அதுல முதுகு சொறியுது."

அடுத்து ஓபல் விட்டிக்கர், ஓய்வுபெற்ற நர்ஸ்,
வேலி அறுபட்ட இடமாகப் பார்த்துத்
தண்ணீர்க் கேன் வைத்துவிட்டு வருபவள்.
அதனாலேயே இருவருக்கும் எட்டு வருடமாகப் பேச்சில்லை.
அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:
"அதே கோபுரம்தான். ஏழாம் நம்பர்.
ஜூன்ல அதன் நிழல்ல ரெண்டு பேர் செத்துக் கிடந்தாங்க.
ஒருத்தன் கால்ல ஒரே ஒரு ஷூ.
'அசைவு எதுவும் பதிவாகவில்லை'ன்னு உங்க அறிக்கை சொல்லுது."

பொய்யில்லை அது.
மூடின கண் எதைப் பதியும்?

பதினான்கு கோபுரத்தில் ஒன்பது செத்துப் பதினோரு மாதம்
என்று மேலிடத்துக்கு எழுதியவள் இர்மா கிஹாடா,
அவற்றில் ஏறிப் பழுது பார்த்தவள்.
மூன்று கடிதம். மூன்றுக்கும் பதிலில்லை.
நாலாவதைப் பத்திரிகைக்கு அனுப்பினாள்.
அன்று மாலையே பதில் வந்தது:
அடையாள அட்டை, சாவி, பூட்ஸ்
(பூட்ஸைக்கூட)
உடனே திருப்பித் தரவும்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள்.
இது ரசீது போட்டு மேய்ந்த வேலி.
மாதாமாதம் பராமரிப்புச் செலவு, முத்திரையோடு.

வாஷிங்டனிலிருந்து வந்தவரின் கோட்டில்
பெட்டியின் மடிப்பு இன்னும் கலையவில்லை.
"விசாரணையில் இருப்பதால் கருத்துச் சொல்வதற்கில்லை."
தாள் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.
பதினேழு தடவை.
கதவருகே யாரோ கேட்டார்கள்:
"அவள வேலைய விட்டுத் தூக்க மட்டும்
விசாரணை முடிஞ்சிருச்சோ?"
கடிகாரம் மணி அடித்தது. யாரும் உட்காரவில்லை.

இர்மா உள்ளே வரவில்லை.
வாயைத் திறக்காதே என்றிருக்கிறார் வக்கீல்.
வெளியே, பழைய பிக்கப் வண்டியில்,
விளக்கை அணைத்து, கண்ணாடியை இறக்கி,
கேட்டுக்கொண்டிருந்தாள்.
சிகரெட் பிடிக்கப் போனவன் பார்த்தேன்.
அதை எழுதவில்லை.
அதை மட்டும்தான் நானாக விட்டது.

மற்றதெல்லாம் மறுநாள் மேலாளர் எடுக்கச் சொன்னது.
எண்கள் எதற்கு? மானியம் வர வேண்டிய நேரம்.
"'பொதுமக்கள் கவலை தெரிவித்தனர்'னு போடு, போதும்."
மூன்று வார்த்தை.
தட்டினேன்.
என் வீட்டுக் கடன் முடிய இன்னும் நாலு வருடம்.

அடுத்த மாதம் அதை வாசித்தேன்.
"திருத்தம் ஏதும் உண்டா?"
வழக்கமாக அது கொட்டாவி விடுகிற நேரம்.
கிளீட்டஸ் கை தூக்கினான்.
"ஒன்பதுன்னு போடு. எழுத்துலயும் போடு, எண்ணுலயும் போடு."
வழிமொழிபவர்?
இரண்டு வரிசை தள்ளி ஓபல்.
"செத்தவங்க ரெண்டு. அதையும் சேத்துக்க."
இந்தத் தடவை அவனைப் பார்த்தாள்.
அவன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கைகளை எண்ணினேன்.
எழுத்தருக்கு ஓட்டு கிடையாது.
பேனா பிடித்த கை கொஞ்சம் உயர்ந்திருந்ததாகப்
பிறகு சிலர் சொன்னார்கள்.

கோபுரங்கள் அப்படியேதான் நிற்கின்றன.
இர்மா டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறாள்.
வீடு திரும்பும் வழியில் ஏழாம் நம்பர் தெரியும்.
அதன் உச்சியில் சிவப்பு விளக்கு மட்டும்
ஒருநாளும் பழுதானதில்லை.
யாரையும் பார்க்க அல்ல அது.
விமானம் எதுவும் வந்து
தன்மேல் மோதிவிடாமல் இருக்க.